கிரேவ்ஸ் நோய்: மாத்திரையை நிறுத்திய பின் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அண்மையில் வெளியான தைராய்டு கட்டுரையைப் படித்தேன். உடல் பருமன், சோர்வு, மலச்சிக்கல், வாழ்நாள் முழுவதும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை என்று, சுரப்பி மந்தமாக வேலை செய்வதைப் பற்றி அதில் எழுதியிருந்தவை அனைத்தும் சரியே. ஆனால் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்யும் நோயைப் பற்றி இருந்தது ஒரே ஒரு வரிதான்: அதற்கும் மாத்திரை உண்டு, அளவு சரியானதும் நிறுத்திவிடலாம் என்று. அந்த ஒரு வரியைத்தான் 2012ஆம் ஆண்டில் நானும் வேறு யாரோ சொல்லக் கேட்டு நம்பினேன். அதனால் பட்டதையும், பிறகு நல்ல மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் தங்கள் வாசகர்களுக்குச் சொல்லவே இக்கடிதம். நீண்டுவிட்டால் பொறுத்தருள்க, முப்பது ஆண்டுகள் வேதியியல் பாடம் நடத்தியவளுக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது.

அப்போது எனக்கு நாற்பத்தொன்பது வயது. கரும்பலகையில் பென்சீன் வளையம் வரைந்தால் ஆறு பக்கமும் நெளிந்து நின்றது. முதல் பெஞ்சுப் பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். நாளுக்கு நான்கு வேளை சாப்பிட்டும் மூன்றே மாதத்தில் ஒன்பது கிலோ இறங்கியது. மார்கழிக் குளிரில்கூட மின்விசிறி இல்லாமல் உட்கார முடியவில்லை. சர்க்கரையாக இருக்கும் என்றார் என் நாத்தனார்; மாதவிடாய் நிற்கும் வயதில் எல்லோருக்கும் இப்படித்தான் வியர்க்கும் என்று நானும் சமாதானம் சொல்லிக்கொண்டேன். கடைசியில் பார்த்த மருத்துவர் என் இரு கைகளையும் நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் மருந்துச் சீட்டுத் தாள் ஒன்றை வைத்தார். காற்றே இல்லாத அந்த அறையில் தாளின் ஓரம் படபடவென்று அடித்துக்கொண்டது. நாடித்துடிப்பு 116. தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.ஹெச். ஹார்மோனின் அளவு 0.01க்கும் கீழே. கிரேவ்ஸ் நோய் என்றார்.

டப்ளின் நகர மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் 1835இல் இதை விவரித்ததால் இந்தப் பெயர். ஐந்தாண்டு கழித்து ஜெர்மனியின் மெர்செபர்க் ஊரில் பாசெடோ என்பவரும் தனியாக எழுதியதால் ஐரோப்பாவில் பல இடங்களில் இன்றும் பாசெடோ நோய் என்றே சொல்கிறார்கள். கழுத்தில் வீக்கம், பிதுங்கிய கண்கள், படபடக்கும் நெஞ்சு ஆகிய மூன்றையும் அவர்கள் கண்டார்கள். காரணம் தெரிய மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. நம் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே தவறுதலாகச் சில ஆன்டிபாடிகளைத் தயாரித்துத் தைராய்டு சுரப்பியை ஓயாமல் தூண்டிவிடுகிறது என்பதே அந்தக் காரணம்.

வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். தைராய்டு சுரப்பிதான் மோட்டார், அது சுரக்கும் ஹார்மோன்தான் தண்ணீர். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, டி.எஸ்.ஹெச். என்னும் விரலால் மோட்டார் சுவிட்சைப் போடுகிறது. தொட்டி நிரம்பியதும் அணைத்துவிடுகிறது. கிரேவ்ஸ் நோயில் அந்தச் சுவிட்சின் மேல் ஆன்டிபாடி என்ற வேறொரு கை அழுந்திக் கிடக்கிறது. பிட்யூட்டரி தன் விரலை முற்றிலும் எடுத்துக்கொண்ட பிறகும் (டி.எஸ்.ஹெச். 0.01க்குக் கீழே போவது இதனால்தான்) மோட்டார் நிற்பதில்லை, தொட்டி வழிந்துகொண்டே இருக்கிறது. இதற்குத் தரப்படும் கார்பிமசோல் மாத்திரை, பலருக்கும் நியோ மெர்கசோல் என்ற பெயரில் அறிமுகமானது, அந்தக் கையை நேரடியாகப் பிடித்து விலக்குவதில்லை. டைரோசின் என்ற அமினோ அமிலத்தோடு அயோடின் சேர்ந்து ஹார்மோன் உருவாவதைத் தடுக்கிறது. அதாவது கிணற்றிலிருந்து வரும் குழாயை அடைக்கிறது. தொட்டியில் ஏற்கெனவே நிரம்பியிருப்பது வடிய வேண்டும் என்பதால், மாத்திரை தொடங்கி மூன்று முதல் ஆறு வாரம் வரை பெரிய மாற்றம் தெரியாது. அதுவரை படபடப்பைத் தாங்க புரோப்ரனோலால் போன்ற மாத்திரையைச் சேர்த்துத் தருகிறார்கள்.

இதைப் புரிந்துகொண்டால் என் முதல் தவறும் புரியும். நான்காவது மாதம் தைராய்டு ஹார்மோன்களான டி.3, டி.4 இரண்டும் சரியான அளவுக்கு வந்தன. எடை கூடியது; பென்சீன் வளையம் நேரானது. நல்லபடியாகிவிட்டது என்று ஐந்தாவது மாதம் நானே மாத்திரையை நிறுத்தினேன். ஏழு வாரத்தில் எல்லாம் திரும்பி வந்தன. குழாயைத் திறந்துவிட்டேன், சுவிட்சின் மேலிருந்த கை அப்படியே இருந்தது. இரத்தத்தில் ஹார்மோன் அளவு சரியாவது வேறு, நோய் தணிவது வேறு என்பதை அன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தணிவு என்று நான் இங்கே சொல்வது மருத்துவர்கள் ரெமிஷன் என்று குறிப்பிடுவதை. மாத்திரை எதுவும் இல்லாமலே ஓராண்டு முழுவதும் டி.எஸ்.ஹெச்., டி.3, டி.4 மூன்றும் சீராக இருந்தால்தான் தணிவு என்கிறார்கள். குணம் என்ற சொல்லைப் பெரும்பாலான மருத்துவர்கள் தவிர்க்கிறார்கள். அது சரியான எச்சரிக்கையே. பொதுவாகப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் வரை மாத்திரை தருவார்கள். இந்தக் காலத்தில் பலருக்கு ஆன்டிபாடிகள் மெல்லக் குறைகின்றன. அது மாத்திரையின் நேரடி விளைவா, ஹார்மோன் சீரான நிலையில் எதிர்ப்பு மண்டலம் தானாக அமைதியாவதா என்பதில் இன்னும் விவாதம் இருக்கிறது. நிறுத்திய பிறகு ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது. அதிலும் பெரும்பகுதி முதல் ஓராண்டுக்குள். கழுத்து வீக்கம் பெரிதாக இருப்பவர்கள், ஆன்டிபாடி அளவு மிகுந்தவர்கள், புகைபிடிப்பவர்கள், இளம் வயதினர், ஆண்கள் ஆகியோருக்குத் திரும்பும் வாய்ப்பு கூடுதல்.

இரண்டாம் முறை முழுதாகப் பதினெட்டு மாதம் சாப்பிட்டேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை. தினசரி நாட்காட்டித் தாளைக் கிழிக்குமுன் மாத்திரையைப் போட்டதற்கு ஒரு டிக் அடிப்பது வழக்கமாகிவிட்டது. பதினெட்டு மாதம் முடிந்த அன்று நான் பார்த்த மருத்துவமனையில், டி.எஸ்.ஹெச். சரியாக இருக்கிறது, நிறுத்திவிடலாம், தொந்தரவு இருந்தால் வாருங்கள் என்றார்கள். அன்று இரண்டு விஷயங்கள் விட்டுப்போயின. டி.ஆர்.ஏ.பி. என்னும் ஆன்டிபாடிப் பரிசோதனையைச் செய்யவில்லை. அடுத்து எப்போது இரத்தம் கொடுக்க வேண்டும் என்ற தேதியைச் சீட்டில் எழுதவில்லை. சுவிட்சின் மேல் கை இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைதான் முதலாவது. 2016இல் வந்த அமெரிக்கத் தைராய்டு சங்க வழிகாட்டியும் 2018இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டியும், மாத்திரையை நிறுத்துமுன் இதைப் பார்க்கும்படி தெளிவாகச் சொல்கின்றன. இயல்பான அளவுக்கு வந்திருந்தால் நிறுத்தலாம். இன்னும் மிகுந்திருந்தால் மாத்திரையைத் தொடரலாம், அல்லது கதிரியக்க அயோடின், அறுவை சிகிச்சை என்ற மற்ற இரு வழிகளைப் பேசலாம். டி.எஸ்.ஹெச். சோதனையைவிட இதற்குச் செலவு அதிகம் என்பது உண்மை. ஆனால் நோய் திரும்பி வந்தபின் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

தொந்தரவு இருந்தால் வாருங்கள் என்ற வாக்கியத்தின் கோளாறு, தொந்தரவு வெளியே தெரியும் முன்பே இரத்தத்தில் தெரிந்துவிடும் என்பது. நிறுத்தியபின் முதல் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை, ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனை செய்ய வேண்டும். பிறகு ஆண்டுக்கொருமுறை, அதுவும் வாழ்நாள் முழுவதும். திரும்ப வந்தால் தொடக்கத்திலேயே பிடிபடும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைப் பலர் அறிவதில்லை: தணிவு பெற்ற சிலருக்குப் பல ஆண்டு கழித்துச் சுரப்பி தானாகவே மந்தமாகிவிடும். அப்போதுதான் தங்கள் கட்டுரையில் சொன்ன வெறும் வயிற்று மாத்திரை தேவைப்படும். எனக்குத் தேதி தரப்படவில்லை. நான் போகவும் இல்லை. ஏழாம் மாதம், மொட்டை மாடியில் துணி உலர்த்தப் போன இடத்தில் நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் தாளக் கோளாறு அது. 1991இல் அமெரிக்க அதிபராக இருந்த மூத்த ஜார்ஜ் புஷ் மெல்லோட்டத்தின்போது இதே கோளாறால் மருத்துவமனை சென்றுதான் அவருக்குக் கிரேவ்ஸ் நோய் இருப்பது தெரிந்தது என்று இதய மருத்துவர் ஆறுதலுக்குச் சொன்னார். எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. என் கணவருக்கு இல்லை.

இந்த இடத்தில் கார்பிமசோல் சாப்பிடும் எவரும் அறியாமல் இருக்கக் கூடாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆயிரத்தில் ஒருவர் முதல் ஐந்து பேருக்கு இம்மருந்தால் வெள்ளை அணுக்களில் ஒரு வகை திடீரென்று சரிந்துவிடும். இது பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில் நேர்கிறது. நிறுத்தி இடைவெளி விட்டு மறுபடி தொடங்கும்போதும் நேரலாம். அறிகுறி, காய்ச்சலும் தொண்டை வலியும்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவுக்கு நான்கு பேருக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் இருக்கும். மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது நம் பழக்கம். கார்பிமசோல் சாப்பிடுபவர் அப்படிச் செய்யக் கூடாது. அன்றைக்கே அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு, இரத்த அணுக்களின் எண்ணிக்கையைச் சோதித்து மருத்துவரைப் பார்க்க வேண்டும். எனக்கு மூன்றாம் முறை மருந்து தொடங்கிய மருத்துவர் இதைச் சீட்டின் தலைப்பில் சிவப்பு மையில் எழுதித் தந்தார். அந்தச் சீட்டு இன்றும் பூஜை அலமாரியின் உள்கதவில் ஒட்டியிருக்கிறது.

அந்த மூன்றாம் மருத்துவரைப் பற்றி இன்னும் கொஞ்சம். கதிரியக்க அயோடினை அவர் முதலில் விளக்கினார். 1941இல் பாஸ்டன் நகரில் சால் ஹெர்ட்ஸ் என்பவர் தொடங்கிவைத்த, இன்றும் உலகெங்கும் நடக்கும் சிகிச்சை அது. சுரப்பி சுருங்கிவிடும், அதன்பின் பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் தைராக்சின் என்ற ஹார்மோன் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும். பலருக்கு அது நல்ல முடிவே என்றார். ஆனால் என் கண்கள் அதற்குள் மணல் விழுந்தாற்போல் உறுத்தத் தொடங்கியிருந்தன. இமைகள் மேலேறி நின்றன. கதிரியக்க அயோடின் கண் பாதிப்பைக் கூட்டக்கூடும் என்பதால் எனக்கு அது வேண்டாம் என்று முடிவாயிற்று. கண் மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே வீட்டில் யார் புகைபிடிப்பார்கள் என்பது. திண்ணையில் உட்கார்ந்து முப்பது ஆண்டுகளாகப் புகைத்த என் கணவர், கேள்வி தன்னைப் பார்த்து வந்ததும் அன்றோடு விட்டார். புகை இந்நோய்க் கண்களைக் கெடுப்பதற்கும் நோய் திரும்புவதற்கும் உள்ள தொடர்பு அவ்வளவு உறுதியானது. செலினியம் என்ற தாதுச்சத்து பற்றியும் கேட்டேன். லேசான கண் பாதிப்புக்கு ஆறு மாதம் கொடுத்ததில் பலன் தெரிந்ததாக 2011இல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று சொன்னது. அது கண்ணுக்குத்தான், தணிவைத் தக்கவைக்கும் மருந்தாக அதை எண்ண வேண்டாம் என்றார்.

பிறகு எனக்குத் தரப்பட்டது குறைந்த அளவு, நீண்ட காலம் என்ற முறை. முதல் சில மாதங்களுக்குப் பின் அளவைப் படிப்படியாக இறக்கி, நாளுக்கு 5 மில்லிகிராம், பின்னர் ஒன்றுவிட்டு ஒரு நாள் 5 மில்லிகிராம் என்று ஐந்தாண்டுக்கு மேல் போயிற்று. இப்படி நீட்டிப்பது வீண் என்று உறவினர்கள் பலர் சொன்னார்கள். டெஹ்ரானில் அஜீசி என்பவரின் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து முதல் பத்தாண்டு வரை குறைந்த அளவு சாப்பிட்டவர்களில் சுமார் 15 சதவீதத்தினருக்கே நோய் திரும்பியது. இரண்டு ஆண்டுக்குள் நிறுத்தியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் திரும்பியது. எல்லோருக்கும் இது பொருந்தும் என்று நான் வாதிடவில்லை. இப்படியும் ஒரு வழி உண்டு என்று நோயாளிக்குச் சொல்லப்பட வேண்டும் என்பதே என் கோரிக்கை. இந்த ஆண்டுகளில் ஒரு சிறு சிக்கல்: டி.4 சரியான பிறகும் டி.எஸ்.ஹெச். பல வாரம், சிலருக்குப் பல மாதம் எழும்பாமல் அடங்கிக் கிடக்கும். அதை மட்டும் பார்த்து மாத்திரையைக் கூட்டினால் உடல் மறுபக்கம் சாய்ந்து, குளிர், சோர்வு, வீக்கம் என்று வேறு துன்பம் தொடங்கும். எனவே மூன்று எண்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

2021 ஜனவரியில், ஆன்டிபாடி இரண்டு முறை இயல்பாக வந்த பிறகு, மாத்திரை நிறுத்தப்பட்டது. அன்றிலிருந்து தணிவில் இருக்கிறேன். ஒரே ஒருமுறை பெரிய பயம் வந்தது. மூன்றாம் ஆண்டுச் சோதனையில் டி.எஸ்.ஹெச். தாழ்ந்தும் டி.4 உயர்ந்தும் ஆன்டிபாடி மிகுந்தும் அறிக்கை வந்தது. எனக்கோ நாடி 74, தூக்கம் நன்றாக, கையில் நடுக்கம் இல்லை. மருத்துவர் மருந்துச் சீட்டை எடுக்காமல், முடி கொட்டுவதற்கு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். மகள் வாங்கிக் கொடுத்த, பயோட்டின் என்ற வைட்டமினின் 10 மில்லிகிராம் மாத்திரையை இரண்டு மாதமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாளைக்கு நமக்குத் தேவை 30 மைக்ரோகிராம். நான் சாப்பிட்டது அதைப்போல் முந்நூறு மடங்குக்கு மேல். பல ஆய்வகக் கருவிகள் பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒட்டிக்கொள்ளும் வினையை வைத்தே ஹார்மோனை அளக்கின்றன. இரத்தத்தில் கூடுதல் பயோட்டின் மிதந்தால் கணக்கு குழம்பி, டி.எஸ்.ஹெச். பொய்யாகக் குறைந்தும் டி.4உம் ஆன்டிபாடியும் பொய்யாக உயர்ந்தும், அச்சு அசலாகக் கிரேவ்ஸ் நோயைப் போலவே காட்டும். சோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிடச் சொல்கிறார்கள். நான் ஒரு வாரம் நிறுத்திவிட்டுக் கொடுத்தேன். எல்லாம் இயல்பு. தைராய்டு நோயாளிகளுக்கு முடி கொட்டும், முடி கொட்டினால் பயோட்டின் வாங்குவார்கள் என்பதால், இந்தக் குழப்பம் நோயாளிகளையே தேடி வந்து பிடிக்கும் குழப்பம். ஆய்வகங்கள் இரத்தம் எடுக்குமுன் சாப்பிட்டீர்களா என்று கேட்பதோடு இதையும் கேட்டால் என்ன?

உணவு பற்றி வரும் ஆலோசனைகளுக்குக் குறைவில்லை. சமையலில் சேரும் அயோடின் உப்பை என் மருத்துவர் தடுக்கவில்லை. தடுத்தது கடற்பாசி மாத்திரைகளையும் அயோடின் சேர்ந்த சத்து மருந்துகளையும். மிகை அயோடின், தணிந்த நோயைக் கிளப்பிவிடக்கூடும். சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேனிலும் அயோடின் மிகுதியாக உண்டு. அவசியமான ஸ்கேனை மறுக்க வேண்டாம், ஆனால் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, சில வாரம் கழித்துத் தைராய்டைச் சோதித்துக்கொள்ள வேண்டும். முட்டைக்கோஸ் சாறு குடித்து நோயை அடக்கியதாகச் சொன்ன பக்கத்து வீட்டு அம்மாளை நான் மறுத்துப் பேசவில்லை, குடிக்கவும் இல்லை.

என் அனுபவத்தைவிட முக்கியமானது இளம்பெண்களின் நிலை. இந்நோய் பெண்களுக்கே பன்மடங்கு மிகுதி, அதுவும் பிள்ளை பெறும் வயதில். கருவுற்ற முதல் மாதங்களில் கார்பிமசோல் குழந்தைக்குப் பிறவிக் குறை ஏற்படுத்தக்கூடும் என்பதால், திட்டமிட்ட பின்பே கருத்தரிப்பது நல்லது. அந்தக் காலத்துக்கு வேறு மருந்து மாற்றித் தருவார்கள். அறுவை சிகிச்சையோ கதிரியக்க அயோடினோ செய்துகொண்டு, தனக்கு இனி நோயில்லை என்று நினைக்கும் பெண்ணின் இரத்தத்திலும் ஆன்டிபாடி இருக்கலாம். அது நஞ்சுக்கொடி வழியே குழந்தையின் சுரப்பியைத் தூண்டும். ஆகவே மகப்பேறு மருத்துவரிடம் பழைய நோயை மறைக்காமல் சொல்ல வேண்டும். கருவுற்ற காலத்தில் தணிந்திருக்கும் நோய் பிரசவத்துக்குப் பின் தலைதூக்குவதும் வழக்கமே. என் மகளுக்குப் பிரசவமான மூன்றாம் மாதம் படபடப்பு வந்தபோது, அம்மாவுக்கு இருப்பதுதான் என்று ஒரு மருத்துவமனையில் உடனே கார்பிமசோல் எழுதினார்கள். ஆன்டிபாடி சோதித்ததில் அவளுக்கு அது இல்லை. பிரசவத்துக்குப் பின் சுரப்பி வீங்கிச் சேமிப்பைக் கசியவிடும் வேறொரு கோளாறு. அங்கே மோட்டார் ஓடவில்லை, தொட்டியில் ஓட்டை. குழாயை அடைக்கும் மாத்திரையால் அதில் பயனில்லை. சில மாதத்தில் தானாகவே சரியாயிற்று.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை வருகிறது. எங்கள் தெருவுக்கு வரும் பெண் ஊழியர் என் கணவருக்கு அழுத்தம் பார்த்துவிட்டு, தேதி தவறினால் கடிந்தும் கொள்கிறார். கிரேவ்ஸ் நோய்க்கு மாத்திரையை நிறுத்தியவர்களின் பட்டியலும் அவர் கையில் இருந்து, இந்த மாதம் இரத்தம் கொடுத்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். மருந்துச் செலவுகூட அதில் இல்லை. அரசு இதைப் பரிசீலிக்க வேண்டும். மருத்துவர்கள், மாத்திரை நிறுத்தும் நாளில் ஆன்டிபாடி அளவையும் அடுத்த சோதனைத் தேதியையும் சீட்டில் எழுதித் தர வேண்டும். தங்கள் மருத்துவப் பக்கத்தில் அடுத்த முறை தைராய்டு பற்றி எழுதும்போது, எந்தத் தைராய்டு என்று முதல் பத்தியிலேயே பிரித்துச் சொல்லவும், அளவு சரியானதும் நிறுத்திவிடலாம் என்ற அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடவும் வேண்டுகிறேன்.

என் அடுத்த சோதனை வரும் தை மாதம். நாட்காட்டி வாங்கியதும் அந்தத் தாளில் குறித்து வைத்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
கும்பகோணம்.